பழைய டிராக்டர் வாங்குமுன்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது முன்னோர் மொழி. ஆனால் காசு கொடுத்து வாங்கும் மாட்டை அவர்கள் ஒருநாளும் பல் பாராமல் வாங்கியதில்லை. மணப்பாறைச் சந்தைக்கும் அந்தியூர்த் திருவிழாச் சந்தைக்கும் மாடு பிடிக்கச் சென்ற பெரியவர்கள் பல்லைப் பார்த்தார்கள், சுழியைப் பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், இயன்றால் நுகத்தில் பூட்டியும் பார்த்தார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசியதெல்லாம் அதன் பின்னரே.

இன்று மாட்டின் இடத்துக்கு டிராக்டர் வந்துவிட்டது. புதிய யந்திரத்தின் விலை பல லட்சம் ரூபாய் ஆதலால், சிறு விவசாயிகளும் அவர்கள் சேர்ந்த குழுக்களும் பழைய யந்திரத்தை நாடுவது இயல்பே. அது தவறன்று. நன்கு பேணப்பட்ட டிராக்டர் கைமாறிய பின்னும் பல்லாண்டு உழைக்கும். மாட்டுக்குக் காட்டிய நிதானத்தை யந்திரத்துக்குக் காட்டாமல் போவதே தவறு.

பத்து அங்கத்தினர்கள் தங்கள் சேமிப்பைத் திரட்டி, ஆடிப்பட்டத்துக்கு முன் ஒரு பழைய டிராக்டர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வர்ணம் பளபளக்கிறது, விலையும் மலிவு, பணம் முழுவதும் கொடுத்தாயிற்று. இரண்டாம் மாதம், கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆட்கள் வந்து, வண்டியின் மேல் பாக்கி இருக்கிறது என்று அதனைக் கேட்கிறார்கள். விற்றவரோ கைப்பேசியை எடுப்பதில்லை. பத்துக் குடும்பங்களின் சேமிப்பு அன்றோ இங்கே பணயம்? ஆகவே காகிதம், யந்திரம், பணம் என்னும் வரிசையை நாம் மாற்றலாகாது.

முதலில் காகிதம்

தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க முடியாது என்பது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. ஆகவே விற்பவரும் பதிவுப் புத்தகத்தில் உள்ள உரிமையாளரும் ஒருவரே தானா என்று முதலில் பார்க்க வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசின் பெயருக்குப் பதிவு மாறிய பின்னர் வாங்குவதே நலம்.

அடுத்து, பதிவுப் புத்தகத்தில் கடன் ஈட்டுக் குறிப்பு இருக்கிறதா என்று நோக்குக. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தும் இதனைச் சரிபார்க்கலாம். குறிப்பு இருந்தால், "கடன் தீர்ந்துவிட்டது" என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட 35-ஆம் எண் படிவமும் பாக்கி இல்லை என்னும் கடிதமும் வேண்டும். வெளிமாநில வண்டியாயின், அங்குள்ள பதிவு அலுவலகம் அளிக்கும் 28-ஆம் எண் படிவத் தடையின்மைச் சான்று வேண்டும்.

பிறகு சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிடுக. எண் பொறித்த இடத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் அப்படியே பதியும். அவ்விடத்தில் அரம் தேய்த்த தடமோ, பற்றவைத்த அடையாளமோ, வரிசை கோணிய எழுத்தோ தென்பட்டால் அவ்வண்டி எத்தனை மலிவாயினும் வேண்டாம். அது களவு வண்டியாக இருக்கக்கூடும்.

இரண்டாவது யந்திரம்

பார்க்கச் செல்வது அதிகாலையாக இருக்கட்டும். எஞ்சினைத் தொட்டுப் பார்க்கும்போது அது சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே அதனை ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எளிதில் புறப்படுகிறதா என்பதே முதல் சோதனை.

புகையும் பேசும். ஓடிச் சூடான பின்னும் நீலப்புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். விடாத கரும்புகை, காற்று வடிகட்டி அடைபட்டதையோ எரிபொருள் மிகுதியாகச் செல்வதையோ காட்டும். அளவுக்கோலில் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தாலும், ரேடியேட்டர் நீரில் எண்ணெய் மிதந்தாலும், உள்ளே நீரும் எண்ணெயும் கலக்கின்றன. இது பெருஞ்செலவில் முடியும். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். நீர் சீறியடித்துக் கையைச் சுட்டுவிடும்.

மணிமானியை முழுதும் நம்ப வேண்டாம். அதனை மாற்றலாம், அதன் கம்பியைக் கழற்றியும் வைக்கலாம். மிதிகட்டைகளின் தேய்வும், ஸ்டியரிங் ஆட்டமும், பின்புறச் சுழல்தண்டின் பற்களும் பொய் சொல்வது அரிது. மானி குறைந்த மணி காட்ட, மிதிகட்டை வழவழவென்று தேய்ந்திருந்தால், மிதிகட்டையையே நம்புக. புதுவர்ணம் பூசிய வண்டியில் வெடிப்பும் பற்றவைப்பும் மறைந்திருக்கும். வர்ணத்துக்குள் கண்ணைச் செலுத்துக.

ஹைட்ராலிக் தூக்கியில் கலப்பையை உயர்த்தி எஞ்சினை நிறுத்துங்கள். கலப்பை விரைவில் கீழே இறங்கினால் உள்ளே கசிவு உண்டு. இறுதியாக, வண்டியை வயலில் இறக்கிக் கலப்பையுடன் ஒரு மணி நேரமாவது உழுது பாருங்கள். நின்ற இடத்தில் இனிமையாக ஓடும் எஞ்சின் பாரம் ஏறியதும் இருமும், கியர் தானே நழுவும், கிளட்ச் வழுக்கும். நுகத்தில் பூட்டாமல் மாட்டின் வலு தெரியாது. நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் விற்பவரோ தரகரோ காட்டிய ஆளாக இருத்தல் கூடாது.

டயர் மாற்றும் செலவையும் பழுதுச் செலவையும் கேட்ட விலையோடு கூட்டிப் பார்த்த பின்பே மலிவா அன்றா என்று தெரியும்.

கடைசியில் பணம்

"வேறொருவர் மாலையில் வருகிறார், இப்போதே முன்பணம் கொடுங்கள்" என்ற பேச்சு வந்தால் அங்கேயே நின்றுவிடுக. அவசரப்படுத்துவது ஏமாற்றுவோரின் பழைய ஆயுதம். கைப்பேசியில் படம் அனுப்பி, தம்மை ராணுவத்தினர் என்று கூறி, இடமாற்றத்தால் மலிவாக விற்பதாக முன்பணம் பறிக்கும் மோசடி நாடெங்கும் நடந்துள்ளது. வண்டியைக் கண்ணால் காணாமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால்தான் பணத்தை நிறுத்த வழியுண்டு.

பணத்தைப் பதிவு உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துக. விற்பவர் கொடுக்கும் உறுதிமொழிகள் யாவும் எழுத்தில் இருக்கட்டும். சரக்கின் தரத்தைப் பார்த்துக்கொள்வது பொதுவாக வாங்குபவர் பொறுப்பு என்றே சட்டம் கருதுகிறது.

கையொப்பமிட்ட 29, 30-ஆம் எண் படிவங்களை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வது பெயர் மாற்றம் ஆகாது. மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை மாற்றவும் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே பழைய வண்டியை விற்கும் அங்கத்தினருக்கும் இது எச்சரிக்கை.

நெசவாளர் கவனத்துக்கு

பழைய விசைத்தறி வாங்குவோருக்கும் இவ்வரிசையே பொருந்தும். தறிக்குப் பதிவுப் புத்தகம் இல்லை. ஆகவே முதல் விலைச்சீட்டையும், தறியில் பொறித்த எண்ணையும், வங்கிக் கடன் பாக்கியையும் கூடுதல் கவனத்துடன் ஆராய வேண்டும். வெறுந்தறி ஓடுவதைக் கண்டு மகிழாமல், பாவு ஏற்றிச் சில மணி நேரம் நெய்து, இழை அறுதலையும் துணியின் தரத்தையும் பார்த்து முடிவு செய்க.

சங்கமோ குழுவோ வாங்கும்போது, ஒருவர் மட்டும் சென்று முடித்துவருவது கூடாது. இருவர் காகிதம் பார்க்கட்டும். இருவர் யந்திரம் பார்க்கட்டும். நிர்வாகக் குழு தீர்மானித்த பின்பே பணம் நகரட்டும். பலர் கண்ணால் பார்ப்பதே கூட்டுறவின் பலம். நல்ல யந்திரம் ஒன்று கைநழுவினால் இன்னொன்று கிடைக்கும். பத்துக் குடும்பங்களின் சேமிப்பு போனால் அதனை மீண்டும் திரட்டப் பல பட்டங்கள் ஆகும்.