பழைய கார் வாங்கினால் ரிமோட்டையும் புதிதாகப் பதியுங்கள்



நம் குடும்பங்கள் பலவற்றில் முதலில் வாங்குவது பழைய கார்தான். ஆர்.சி.யில் பெயர் மாற்றுகிறோம், இன்சூரன்ஸை மாற்றுகிறோம். ரிமோட் சாவியை மட்டும் கொடுத்தபடியே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம். முன்பு வைத்திருந்தவரிடமோ, இடைத்தரகரிடமோ இன்னொரு ரிமோட் தங்கிவிட்டால் அதுவும் நம் வண்டியைத் திறக்கும்.

ரிமோட்டை அமுக்கும்போது அது வானொலி அலையில் ஓர் எண்ணை அனுப்புகிறது. நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் இதன் அலைவரிசை 433 மெகாஹெர்ட்ஸ். அமுக்கும் ஒவ்வொரு தடவையும் எண் மாறும். ஒரு தடவை ஏற்றுக்கொண்ட எண்ணை வேறொருவர் பிடித்து வைத்து மறுபடி அனுப்பினால் கார் திறக்காது. எந்தெந்த ரிமோட் தன்னுடையது என்ற பட்டியல் காரின் கணினியில் இருக்கிறது. அதில் சேர்ப்பதைத்தான் புரோகிராமிங் என்கிறார்கள். நாம் கவலைப்பட வேண்டியது சேர்ப்பதைவிட நீக்குவதைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் விற்ற பழைய ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் சாவியை 10 விநாடிக்குள் 8 தடவை ஆன், ஆஃப் செய்தால் கதவுப் பூட்டுகள் தாமாக ஒருமுறை அசையும். உடனே ஒவ்வொரு ரிமோட்டாக அமுக்க வேண்டும். அப்போது அமுக்காத பழைய ரிமோட்டுகள் எல்லாம் பட்டியலிலிருந்து போய்விடும். இந்த வீடியோவைப் பார்த்து நம்மூர் வண்டியில் சாவியைத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை. இங்கே பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கருவியைச் செருகித்தான் பதிகிறார்கள். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது இருக்கிற சாவிகள் அத்தனையையும், ஆர்.சி.யையும் கொண்டு போங்கள். "பழையதையெல்லாம் அழித்துவிட்டுப் பதியுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் புதியதைச் சேர்த்து மட்டும் கொடுத்துவிடக்கூடும்.

கதவு திறப்பது வேறு, இன்ஜின் ஓடுவது வேறு. சாவியின் தலைப்பகுதிக்குள் பேட்டரி தேவைப்படாத சின்னச் சிப் ஒன்று இருக்கும். கார் அதை அடையாளம் காணாவிட்டால் இன்ஜின் ஓடாது. ஆகவே ரிமோட், சிப் இரண்டின் பழைய பதிவுகளும் நீங்கினவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் மலிவாக வரும் ரிமோட்டை வாங்குமுன் அதில் சிப் உண்டா, உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று மெக்கானிக்கிடம் விசாரியுங்கள்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றதும் புரோகிராமிங்குக்குப் பணம் கட்டிவிட வேண்டாம். பெரும்பாலும் பேட்டரிதான் தீர்ந்திருக்கும். பலவற்றில் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. கழற்றிய பழையதை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

வண்டி விலை பேசும்போதே இரண்டு சாவியும் உண்டா என்று கேளுங்கள். கார் திருடு போனால் இன்சூரன்ஸ் நிறுவனம் வழக்கமாக எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும்.