படிக்க ஓர் இடம்

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கு வகுப்பறை எது, உணவு விடுதி எது என்று காட்டப் பலர் முன்வருவர். அமர்ந்து படிக்கும் இடம் எது என்று காட்டுவார் அரியர். சிறிய செய்திதான், ஆயினும் ஒற்றையறை வீட்டில் ஐவரோடு வாழும் மாணவனுக்குத் தேர்வின் வெற்றி தோல்வியே அதில் அடங்கியிருக்கிறது. தனியறையும் மேசையும் உடையோர் இதனை எளிதாக எண்ணிவிடலாகாது.

சென்னைப் பல்கலைக் கழகத்தின் சேப்பாக்க வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள நூலகக் கட்டடம் 1936-ஆம் ஆண்டில் எழுந்தது. 1924-இல் அப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற இரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளைப் பற்றிய நூல், நூலகம் அமையும் இடத்தையும், அது திறந்திருக்கும் நேரத்தையும், நாற்காலி மேசைகளையுங்கூட ஆராய்கின்றது. படிப்பவன் உட்காரும் இடமும் கல்வியைச் சேர்ந்ததே என்று அப் பெரியார் கண்டார்.

அவ் வளாகம் கடலை நோக்கியது. கிழக்குச் சன்னலருகே காலையில் அமர்ந்தால் வெயில் நேரே ஏட்டின்மீது விழுந்து கண்ணைக் கூசச் செய்யும். நண்பகலுக்குப்பின் கதிரவன் மேற்கே சாய்ந்துவிடுவதால் அதே இடம் இனிதாகின்றது. கோடையில் கடற்காற்றும் பெரும்பாலும் அவ் வேளையில்தான் வீசத் தொடங்கும். ஏடுகள் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல் கையிலிருப்பது நலம்! வலக்கையால் எழுதுவோர் ஒளி இடப்புறமிருந்து வருமாறு அமர்க. மரநிழல் கதை படிப்பதற்கு ஏற்றது. கணக்குப் போட ஏற்றதன்று.

ஓசையைப் பற்றிப் பலரும் தவறாக எண்ணுகின்றனர். கடலின் இரைச்சலும் மின்விசிறியின் சுழற்சியும் அவ்வளவு கேடு செய்வதில்லை. கேடு செய்வது மனிதரின் பேச்சே. 1976-இல் கோலி, வெல்ஷ் என்னும் இரு அறிஞர்கள், ஜெர்மன் மொழியறியாத மாணவர்களின் காதில் ஜெர்மன் மொழியிலே ஒரு பகுதியைப் படித்துக் காட்டினர். பொருள் சிறிதும் விளங்காதபோதும் அவர்களுடைய நினைவாற்றல் குன்றியது. ஆகவே நண்பர் கூட்டத்திற்கு அருகிலுள்ள நல்ல நாற்காலியைவிட, தாழ்வாரத்தின் கோடியிலுள்ள மரப் பலகை மேலானது.

என் கருத்தில், மாலையில் காலியாகக் கிடக்கும் வகுப்பறைக்கு இணையான இடம் வேறில்லை. துறைத் தலைவரிடம் இசைவு பெற்று நுழையலாம். கரும்பலகையில் தேற்றங்களை எழுதி அழித்து, மறுபடியும் எழுதிப் பார்க்கலாம். வாய்விட்டும் சொல்லிப் பார்க்கலாம். நூலகத்தில் இதற்கு வழியில்லை.

ஓரிடத்தையே பற்றிக்கொண்டிருக்கவும் வேண்டா. 1978-இல் ஸ்மித், கிளென்பர்க், பியோர்க் என்போர் நடத்திய சோதனையில், ஒரே சொற்பட்டியலை வெவ்வேறு இரண்டு அறைகளில் பயின்றவர்கள், ஓரறையிலேயே இருமுறை பயின்றவர்களைவிட மிகுதியான சொற்களை நினைவுகூர்ந்தனர். தேர்வோ பழகாத கூடத்தில் நடைபெறுவது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. தேர்வுக் காலத்தில் சிலர் விடியற்காலையிலேயே நாற்காலியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்று இரண்டு மணி நேரம் திரும்புவதில்லை. இது எனக்குச் சினமூட்டுகின்றது. நான் முன்னர்க் கூறிய ஒற்றையறை வீட்டு மாணவன், அவ்விரண்டு மணி நேரமும் புத்தகக் கட்டோடு வாயிலில் நிற்கின்றான்.