அடுப்படி வரைக்கும் போன கேள்வி

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலோ திருச்சி தில்லை நகரிலோ வாடகைக்கு வீடு தேடுகிறவரிடம் சாதியை நேராகக் கேட்பவர்கள் குறைவு. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? சைவம்தானே?" என்பார்கள். அதற்குள் கேட்டவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும். "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று அனுப்பிவிடுவார்கள். அதே வீட்டுக்காரரிடம் ஒரு கணக்கெடுப்பாளர் வந்து "சாதி பார்ப்பீர்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்றுதான் பதில் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எப்படி அளப்பது?

2011-12இல் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து நாடு முழுக்க 42,000 குடும்பங்களுக்கு மேல் ஆய்வு செய்தன. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறார்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்றவர்களிடம் அடுத்ததாக, தலித் ஒருவர் உங்கள் அடுப்படிக்குள் வந்தால், உங்கள் பாத்திரத்தைப் புழங்கினால் சங்கடம் உண்டா என்று கேட்டார்கள். முதலில் இல்லை என்ற சிலர் இங்கே உண்டு என்றார்கள். இரண்டையும் சேர்த்தால் 27 சதவீதக் குடும்பங்கள். பிராமணக் குடும்பங்களில் பாதிக்கு மேல். மனப்பான்மையைக் கேட்டால் மழுப்புகிறவர்கள்கூட பாத்திரத்தைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். கணக்கெடுப்புக் கலையில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் பார்த்ததில்லை.

அனுபவத்தைக் கேட்பது இன்னும் கடினம். 2019-20இல் பியூ ஆய்வு மையம் இந்தியாவில் ஏறக்குறைய 30,000 பேரிடம் பேசியபோது, கடந்த ஓராண்டில் சாதியால் தாங்கள் பாகுபாட்டைச் சந்திக்கவில்லை என்றவர்கள் 82 சதவீதம். இதைப் படித்து நிம்மதி அடைய என்னால் முடியவில்லை. எந்தத் தெருவில் வீடு கிடைக்காது என்று தெரிந்தவர் அந்தத் தெருவுக்குப் போவதே இல்லை. போகாதவருக்கு மறுப்பும் இல்லை. கணக்கில் அவர் "பாதிக்கப்படாதவர்".

ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் யாரிடமும் கேள்வியே கேட்காமல் பாகுபாட்டை அளந்தார்கள். ஒரே தகுதி, வேறு வேறு பெயர்கள் என்று தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைந்தது, முஸ்லிம் பெயருக்கு மேலும் குறைந்தது. 2007இல் முடிவு வெளியானது. அந்த முறை தமிழ்நாட்டில் எடுபடாது. பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை நாம் பெரும்பாலும் விட்டுவிட்டோம். அது பெரிய சாதனைதான். ஆனால் பெயரிலிருந்து போன சாதி ஊர், தெரு, சாப்பாடு பற்றிய விசாரிப்பில் ஒளிந்துகொண்டது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவருக்கு எந்தப் பெயர்ப் பின்னொட்டும் தேவைப்படவில்லை.

ஆகவே நமக்கான கேள்விகளை நாமேதான் எழுத வேண்டும். வீடு தர மறுத்தார்களா, டீக்கடையில் தனி டம்ளரா, சுடுகாட்டுக்குப் போகும் பாதை பொதுவா, சத்துணவு சமைப்பவரின் சாதி சொல்லிப் பிள்ளையைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்களா என்று இடத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். போகவே தயங்கும் இடங்கள் எவை என்றும் கேட்க வேண்டும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொருவரின் சாதியையும் பதிவு செய்யப்போகிறது. அந்தச் சாதியால் ஒருவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதைப் பதிவு செய்வது அதன் வேலை இல்லை. தமிழ்நாடு அரசு அதைத் தன் செலவில், மாவட்டவாரியாக, பதில் சொல்பவரின் பெயர் வெளியில் வராதபடி செய்ய வேண்டும். திருச்சியிலிருந்தே தொடங்கலாம்.