பெண்கள் சிறைக்குள்ளே என்ன நடக்குது? குழந்தை இருந்தா என்ன ஆகும்? முழு விளக்கம்

சினிமாவில் பார்க்கிற ஜெயில் வேற, நிஜத்தில் இருப்பது வேற. ஒரு அம்மா கைதானால் அவரோட கைக்குழந்தை எங்கே போகும்? உள்ளே வேலை உண்டா, சம்பளம் உண்டா? வெளியே இருக்கும் குடும்பம் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தமிழகத்தில் எத்தனை பெண்கள் சிறை?

புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என 5 இடங்களில் பெண்கள் தனிச்சிறைகள் இருக்கின்றன. நாட்டின் பல மாநிலங்களில் இப்படித் தனிச்சிறையே கிடையாது. அங்கே ஆண்கள் சிறை வளாகத்தில் ஒரு பகுதியைத் தடுத்துப் பெண்களை வைக்கிறார்கள். இந்தியாவில் பெண் சிறைவாசிகளில் பெரும்பாலானோர் இருப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

குழந்தையை உடன் வைத்துக்கொள்ளலாமா?

6 வயது வரை வைத்துக்கொள்ளலாம். 2006-ல் ஆர்.டி.உபாத்யாய் வழக்கில் உச்சநீதிமன்றம் இதற்கான விதிமுறைகளை வகுத்தது. அதன்படி அந்தக் குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது. தனி உணவு, மருத்துவம், காப்பகம், நர்சரி வசதி தர வேண்டும். பிரசவத்துக்கு முடிந்தவரை வெளி மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒருவேளை உள்ளேயே பிறந்தாலும், பிறப்புச் சான்றிதழில் சிறை என்று குறிப்பிடவே கூடாது.

6 வயது முடிந்ததும் உறவினரிடம் ஒப்படைப்பார்கள். உறவினர் யாரும் இல்லையென்றால் குழந்தைகள் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். அதன்பிறகு அம்மாவும் பிள்ளையும் பார்த்துக்கொள்வது மனு பார்க்க வரும் நாளில் மட்டும்தான்.

வேலை, சம்பளம் உண்டா?

உண்டு. தையல், பேக்கரி, கைவினைப் பொருட்கள் எனப் பயிற்சிகள் தரப்படுகின்றன. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் தேர்வும் எழுதலாம். சிறைவாசிகள் தயாரிக்கும் பொருட்கள் 'சிறைச்சந்தை' கடைகளில் விற்பனைக்கு வருகின்றன.

இதில் அதிகம் பேசப்பட்டது பெட்ரோல் பங்க். 2023 ஆகஸ்டில் புழல் - அம்பத்தூர் சாலையில், முழுக்கப் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க் திறக்கப்பட்டது. பெட்ரோல் போட வருகிற பொதுமக்களோடு தினமும் பேசிப் பழகுவதால், விடுதலைக்குப் பிறகு வெளியுலகம் புதுசாகத் தெரியாது என்பதுதான் இதன் நோக்கம்.

அப்போ சிக்கல் எங்கே?

இந்த வேலையும் சம்பளமும் பெரும்பாலும் தண்டனைக் கைதிகளுக்குத்தான். ஆனால் நாடு முழுக்கப் பெண் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். இவர்களுக்கு உள்ளே முக்கிய 'வேலை' காத்திருப்பதுதான்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் உண்டு. ஜாமீன்தாரர் கிடைக்க மாட்டார், கட்ட வேண்டிய பணம் இருக்காது. கணவர் சிறைக்குப் போனால் மனைவி வக்கீலைத் தேடி அலைவார். மனைவி போனால் பல வீடுகளில் அலைய ஆளே இருக்காது.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

* இலவச வக்கீல்: பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். மாவட்ட நீதிமன்றத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

* ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளியே வரவில்லையா? சிறைக் கண்காணிப்பாளர் இதைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 2023-ல் உச்சநீதிமன்றம் போட்ட உத்தரவு.

* பணம் இல்லையா? ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில், தகுதியுள்ள விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகை கட்ட உதவி கிடைக்கும்.

* முதல் வழக்கா? அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், பி.என்.எஸ்.எஸ் சட்டத்தின் 479-வது பிரிவில் விடுதலை கேட்கலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த நிலைமையில் இருந்தால், முதலில் 15100 என்ற எண்ணைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு 6 வயது ஆவதற்குள் அம்மா வீடு திரும்ப, அந்த ஒரு போன் கால் வழி காட்டலாம்.