பாரம் இழுக்கும் வண்டியின் எஞ்சின் கொதிக்காமல் இருக்க...

கடைக்கு வர வேண்டிய சரக்கு நடுவழியில் நின்றுவிட்டால் நட்டம் வண்டிக்காரருக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வணிகத்துக்கு உயிர்நாடி. செங்கோட்டை வரை கவலையில்லை. புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு மலை ஏறும்போதுதான் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சோதனை.

பாரத்தோடு ஏறும்போது டீசல் அதிகம் எரிந்து வெப்பம் பெருகுகிறது. வண்டி மெல்லச் செல்வதால் ரேடியேட்டரில் மோதும் காற்றோ குறைகிறது. அந்நேரம் விசிறியும் வாட்டர் பம்பும்தான் துணை. டாப் கியரில் திணறினால் எஞ்சின் சுற்றுக் குறைந்து அவையும் மெதுவாகும். ஆகவே ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும்.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை:

1. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் அளவு பார்க்கவும். வெறும் தண்ணீர் துருவும் உப்பும் படிய வைக்கும். கூலண்ட் கலந்து ஊற்றுவதே நல்லது.

2. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷரைப் பார்க்கவும். மூடி அழுத்தம் தாங்கினால்தான் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது.

3. பேன் பெல்ட் தளர்ந்திருக்கக் கூடாது. ஹோஸ் குழாய்களில் கசிவு கூடாது.

4. ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்த தூசி, வைக்கோல், பஞ்சை அகற்றவும்.

வழியில் வெப்பமானியின் முள் ஏறினால் ஓரமாக நிறுத்த வேண்டும். ஆவி வந்தால் உடனே எஞ்சினை அணைக்கவும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகமும் கையும் வெந்துபோகும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும். நன்றாக ஆறும்வரை பொறுப்பதே வழி.

இவையெல்லாம் டிரைவரின் வேலை. நம் வேலை ஒன்று உண்டு. இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் ஏற்றி வாடகையை மிச்சம் பிடிக்க நினைப்பது யார்? நாம்தானே! எத்தனை கவனமான டிரைவரும் அளவு மீறிய பாரத்தை வெல்ல முடியாது. 2019 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 ஆம் பிரிவுப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஹெட் கேஸ்கட் போனால் பழுதுச் செலவு தனி. காய்கறி, பழம் அழுகினால் அது வேறு.

ஆர்.சி. புத்தகத்தில் குறித்துள்ள எடையைப் பார்த்து மூட்டை ஏற்றுவோம். மிச்சம் பிடித்த வாடகை மெக்கானிக்கின் கைக்குப் போகாமல் இருக்க அதுவே வழி.