அரச வர்ணத்தின் துர்க்கந்தம்

சீன தேசத்தில் சீ என்னும் நாட்டை ஆண்ட ஹுவான் கோமகனுக்கு ஊதாப் பட்டின்மேல் அளவு கடந்த மோகம் இருந்ததாகவும், அரசன் உடுப்பதையே தாமும் உடுக்க வேண்டுமென்று பிரஜைகள் போட்டியிட்டதால், சாயமேற்றாத பட்டு ஐந்து கொடுத்தாலும் ஊதாப் பட்டு ஒன்று கிட்டாத அளவுக்கு விலை ஏறிவிட்டதாகவும், கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹான் ஃபெய் என்னும் அரசியல் ஞானி ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். கலங்கிப்போன கோமகனுக்கு அமைச்சர் குவான் சோங் சொன்ன யோசனை மிகவும் எளியது. தண்டனை வேண்டாம், அபராதம் வேண்டாம். தாங்கள் ஊதா உடுப்பதை நிறுத்திவிட்டு, ஊதா உடுத்தி வருகிறவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லி, அந்தச் சாயத்தின் வாடை தமக்கு ஆகவில்லை என்று முகம் சுளித்தால் போதும் என்றார். அன்றைக்கே அரண்மனையிலும், மறுநாள் தலைநகரிலும், மூன்றாம் நாள் நாடு முழுவதிலும் ஊதா மறைந்துபோயிற்றாம்.

நடந்த கதையோ, நீதிக்காகக் கட்டிய கதையோ, அதைப் பற்றி நமக்கு வழக்கில்லை. ஊதாவின் கௌரவம் அதன் அழகினால் வந்ததன்று, விலையினால் வந்தது என்பதையும், அந்தக் கௌரவத்தை அருகில் போய் முகர்ந்து பார்த்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள நேரும் என்பதையும் அந்தக் கிழ அமைச்சர் நன்கு அறிந்திருந்தார் என்பதே எனக்கு விசேஷமாகப் படுகிறது.

மேற்கே, இன்றைய லெபனான் நாட்டுக் கடற்கரையில் டயர், சிடோன் என்ற இரு பட்டணங்கள் இதே வர்ணத்தால் ஐசுவரியம் கண்டன. கடற்கரையில் ஹெர்குலிஸின் நாய் ஒரு நத்தையைக் கடித்துத் தின்ன, அதன் வாயெல்லாம் ஊதாவாகிவிட்டது என்று கிரேக்கர்கள் கதை சொல்வார்கள். முள் நிறைந்த ஓட்டுக்குள் வாழும் அந்தக் கடல் நத்தையின் உடலில் ஒரு சிறு சுரப்பி உண்டு. அதிலிருந்து கசியும் திரவத்திற்கு முதலில் நிறம் என்று சொல்லத்தக்க எதுவுமில்லை. காற்றும் வெயிலும் படப்பட அது மஞ்சளாகி, பச்சையாகி, நீலம் கலந்து, கடைசியில் உறைந்த இரத்தத்தை ஒத்த கருஞ்சிவப்பு ஊதாவாக நிலைபெறுகிறது. அந்தச் சுரப்பிகளைச் சேகரித்து, உப்பிட்டு மூன்று நாள் ஊறவைத்து, ஈயப் பாத்திரத்தில் இளஞ்சூட்டில் நாட்கணக்காகக் காய்ச்சி, மேலே மிதக்கும் சதையை அவ்வப்போது வழித்தெறிந்து, ஏறத்தாழ பத்தாம் நாள் கம்பளி மயிரைத் தோய்த்துப் பார்ப்பார்கள் என்று ரோமானிய ஆசிரியர் பிளினி விவரிக்கிறார். அழுகும் நத்தைச் சதை பத்து நாள் காய்ந்தால் அந்த ஊர் எப்படி மணந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சாயச்சாலைகளின் பெருக்கத்தால் டயர் நகரம் வாசத்திற்கு உகந்ததாக இல்லை, ஆனால் அவற்றாலேயே அது செல்வம் பெற்றது என்று பூகோள ஆசிரியர் ஸ்ட்ராபோ இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்.

1909-ல் பால் ஃப்ரீட்லண்டர் என்னும் ரசாயன நிபுணர் 12,000 நத்தைகளைப் பக்குவம் செய்து பார்த்தபோது அவருக்குக் கிடைத்த சாயம் 1.4 கிராம். அதன் அணு அமைப்பை ஆராய்ந்தால், நம் தென்னார்க்காட்டில் ஒருகாலத்தில் வயல் வயலாக விளைந்த அவுரியின் நீலமேதான் அது. இரண்டு புரோமின் அணுக்கள் கூடியிருக்கின்றன, அவ்வளவே. அந்த இரண்டு அணுக்களுக்குத்தான் சக்கரவர்த்திகள் அத்தனை பொன்னைக் கொட்டினார்கள். ஆயினும் சாயத்தின் உறுதியை மறுப்பதற்கில்லை: அலெக்சாண்டர் பாரசீகத்துச் சூசா நகரப் பொக்கிஷத்தைத் திறந்தபோது, 190 ஆண்டுகள் அங்கே கிடந்த ஊதாத் துணிகள் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன என்று புளூடார்க் எழுதுகிறார்.

ரோமானிய சாம்ராஜ்யத்தில் 301-ம் ஆண்டு டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி வெளியிட்ட விலைக் கட்டுப்பாட்டுச் சாசனத்தில், ஒரு பவுண்டு தங்கத்திற்கு 72,000 தினாரியும், ஊதாச் சாயமேற்றிய பட்டு ஒரு பவுண்டுக்கு 1,50,000 தினாரியும் விதிக்கப்பட்டிருக்கின்றன. விலையென்னும் வேலி ஒன்றே போதாதென்று சட்டமும் வேலி போட்டது. நீரோ மன்னன் தன் சங்கீதக் கச்சேரிக்கு ஊதா உடுத்தி வந்த ஒரு சீமாட்டியின் ஆடையை அங்கேயே உரியச் செய்து, சொத்தையும் பறித்தான் என்று சரித்திரம் சொல்லும். பின்னர் கான்ஸ்டாண்டிநோபிளில் அரசகுமாரர்கள் ஊதாக் கல் பதித்த தனி மாளிகையிலேயே பிறந்தார்கள். ஊதா மையால் கையெழுத்திடும் உரிமை சக்கரவர்த்தி ஒருவருக்கே இருந்தது. 1453-ல் அந்நகரம் துருக்கியர் வசமானதும் நத்தைச் சாயத் தொழிலும் நசித்துப்போக, 1464-ல் போப்பாண்டவர் இரண்டாம் பால், கர்தினால்மார்களின் அங்கிக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் செந்நிறச் சாயத்தைப் பயன்படுத்த உத்தரவிட்டார். இன்றைக்கும் அவர்கள் சிவப்பில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் திருச்சபை ஊதாவைக் கைவிட்டுவிடவில்லை. அதற்கு வேறொரு பொருளைக் கொடுத்து வைத்துக்கொண்டது. சிலுவையில் அறைவதற்குமுன் ரோமானியச் சிப்பாய்கள் இயேசுவைப் பரிகாசம் செய்வதற்காக அரசருக்குரிய இந்த வஸ்திரத்தை அவர்மேல் போர்த்தினார்கள் அல்லவா? தவக்காலத்தில் குருமார்கள் ஊதா அங்கி அணிவதையும், பாடுகளின் நாட்கள் நெருங்கும்போது நம்மூர் மாதா கோயில்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைப்பதையும் பார்க்கிறவர்களுக்கு, ராஜ சின்னம் துக்க சின்னமானது விபரீதமாகவே தோன்றாது. இப்படி எதிரும் புதிருமான இரண்டு பொருளைச் சண்டையின்றிச் சுமக்கும் வர்ணம் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அரசனே இல்லாத புதுக் குடியரசு ஒன்றும் இதை நாடியது. 1782-ல் ஜார்ஜ் வாஷிங்டன், சாமானியச் சிப்பாய்களின் வீரத்திற்கு அடையாளமாக ஊதாத் துணியில் வெட்டிய இதய வடிவத்தை அவர்கள் மார்பில் தைத்துக்கொள்ளச் செய்தார். நெடுங்காலம் மறந்துகிடந்த அந்த விருது 1932-ல் மீண்டும் உயிர்பெற்று, இன்று போரில் காயமுற்றோருக்கும் மாண்டோருக்கும் உரியதாக இருக்கிறது.

விலையின் வேலியை உடைத்தவன் பதினெட்டு வயதுப் பையன். மலேரியாவுக்குரிய கொயினா மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மட்டுமே கிடைத்து வந்த காலம் அது. நீலகிரியில் சிங்கோனா பயிரிடத் தொடங்கியதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. இந்தியா முதலிய உஷ்ண தேசங்களை ஆளப் புறப்பட்ட ஆங்கிலேயருக்கு அந்த மருந்து உயிர்நாடி. லண்டன் ரசாயனக் கல்லூரியில் ஹோஃப்மன் என்ற ஆசானிடம் பயின்ற வில்லியம் ஹென்றி பெர்கின், 1856-ம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற அனிலீனைக் கொண்டு, தன் வீட்டுச் சோதனைச்சாலையில் கொயினா செய்ய முயன்றான். கிடைத்தது கறுப்புக் கசடு. பாத்திரத்தைச் சாராயம் விட்டு அலம்பியபோது ஊதா நிறம் வழிந்தது. கொட்டிவிடாமல் ஒரு பட்டுத் துண்டை அதில் தோய்த்துப் பார்த்தானே, அங்கேதான் அவனுடைய புத்தி இருக்கிறது. பட்டில் ஏறிய நிறம் சலவைக்கும் அசையவில்லை, வெயிலுக்கும் அசையவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே காப்புரிமை பெற்று, தகப்பனாரின் சேமிப்பைப் போட்டு, தமையனையும் சேர்த்துக்கொண்டு கிரீன்ஃபோர்டில் ஆலை வைத்துவிட்டான். 1858 ஜனவரியில் விக்டோரியா மகாராணி தம் மூத்த மகளின் கல்யாணத்திற்கு இளம் ஊதா உடுத்தி வர, லண்டன் முழுவதும் அந்த நிறமே தலைகாட்டியது. 'பஞ்ச்' என்னும் நையாண்டிப் பத்திரிகை அதைத் தட்டம்மை பரவுவதற்கு ஒப்பிட்டுக் கேலி செய்தது. ஹுவான் கோமகனின் குடிகளுக்கு வந்த அதே நோய்தான். ஆனால் இந்தமுறை சரக்குக்குப் பஞ்சமில்லை.

மலிவானபின் ஊதாவின் மதிப்பு தொலைந்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்போம். ஆனால் அப்படி ஆகவில்லை. 1908 ஜூன் 21-ம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட பெண்கள், வெள்ளை உடுப்பின்மேல் ஊதா, வெள்ளை, பச்சை என்ற மூவர்ணப் பட்டிகளை அணிந்து வந்தார்கள். நிறங்களைத் தேர்ந்த எம்மலின் பெதிக்-லாரன்ஸ் அம்மையார், வெள்ளைக்குத் தூய்மையையும் பச்சைக்கு நம்பிக்கையையும் பொருளாக்கி, ஊதாவுக்கு மட்டும் பழைய பொருளையே விட்டுவைத்தார்: மானம், கண்ணியம், ராஜ ரத்தம். வியாபாரிகளுக்கு வாக்குரிமையைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்ததோ; தொப்பியும் நாடாவும் அந்த மூன்று நிறங்களில் நன்றாக விலைபோவதைக் கண்டு, லண்டன் கடைக்காரர்கள் அவற்றைக் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கி வைத்தார்கள்.