அப்புவின் சட்டை

1955ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நியூஸ்பேப்பர் பாய்’ என்னும் மலையாளப் படத்தை ஆக்கியோர் பெரும்பாலும் கல்லூரி மாணவரே. இயக்கியவர் பி. ராமதாஸ். திருவனந்தபுரத்து மெரிலாண்ட் நிலையத்திலும் படப்பிடிப்பு நிகழ்ந்தது. வறுமையால் சென்னை சென்று மீண்டு, செய்தித்தாள் விற்கும் அப்பு என்ற சிறுவனின் கதை அது.

இத்தகைய சிறுவனுக்கு உடை தேர்வோர் முதற்கண் வினவ வேண்டுவது, ‘இச்சட்டை இவனுக்கு எப்படி வந்தது?’ என்பதே. வளரும் பிள்ளை சட்டையை முந்திவிடுவான். மணிக்கட்டு வெளியே நீளும். அண்ணனுடையதாயின் தோள் தொங்கும். இரண்டும் வறுமைதான், எனினும் ஒன்றல்ல. புதுவெள்ளைத் துணி கறுப்பு வெள்ளைப் படத்தில் கண்ணைக் கூசச் செய்யும். தேயிலை நீரில் தோய்த்து மங்கச் செய்வது வழக்கம். காட்சிகள் முன்பின்னாக எடுக்கப்படுதலின், கிழியாத சட்டை ஒன்றும் கிழிந்த சட்டை ஒன்றும் வேண்டும். மாணவர்தம் கைப்பொருளுக்கு இதுவே பெருஞ்செலவு!

பாத்திரம் தமிழ்ச்சிறுவனாயின் உடனே நெற்றி நிறையத் திருநீறு பூசிவிடுகின்றனர். இது சோம்பல். சாலைக் கடைத்தெருவில் வளரும் தமிழ்ப்பிள்ளை பள்ளிச் சீருடையில் தோழர்களினின்று வேறுபடுவதில்லை. வேறுபாடு காண வேண்டின், மாலையில் வீடு திரும்பியபின் அவன் எதை உடுத்துகிறான் என்று அவன் தாயிடம் கேட்க வேண்டும்.